வேற்றூர்ப் பயிற்சி

1. தோற்றுவாய்

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. நூலை மட்டும் ஓதி உலகியல் அறியாது நிற்பாரை எள்ளுதற்கு இதனை எடுத்தாளுவர். தமிழைச் சிறப்புப் பாடமாக மேற்கொண்ட எம்போல்வார் இதனைச் செவியுறாத நாள் அரிது. வணிகவியல் பயிலும் நண்பர் விடுமுறையில் வங்கிகளுக்கும், வேதியியல் பயில்வோர் ஆலைகளுக்கும் பயிற்சிக்கெனச் செல்லுங்கால், "தமிழ் படிக்கும் நீங்கள் எங்கே போவீர்கள்?" என்று எம்மை வினவி நகைப்பதும் உண்டு.

இவ்வினாவிற்கு விடை காணும் வாய்ப்பு 2025ஆம் ஆண்டு வேனில் விடுமுறையில் எமக்கு வாய்த்தது. எம் பேராசிரியர் கூறிய அறிவுரையின்படி, பழைய ஏட்டுச் சுவடிகளைப் பேணிப் படியெடுக்கும் நிலையம் ஒன்றில் ஆறு கிழமை பயிற்சி பெறும்பொருட்டுத் தஞ்சைக்குச் சென்றோம். பொருநை பாயும் திருநெல்வேலிச் சீமையை விட்டு, உறவினர் ஒருவரும் இல்லாத ஊரில் ஓரிரவேனும் தனித்துத் தங்கியறியாத எமக்கு இச்செலவு பெரியதொரு மாற்றமாகவே தோன்றிற்று.

ஆண்டு கண்டனவும் கற்றனவும், யாம் செய்த பிழையொன்றும், அப்பிழையால் யாம் இழந்ததும் பெற்றதும் இக்கட்டுரையிற் கூறப்படும். வருகின்ற வேனிலில் இவ்வாறு வேற்றூர் செல்லவிருக்கும் இளைய மாணாக்கர்க்கு இது சிறிதேனும் பயன்படுமாயின் எம் முயற்சி வீண்போகாது.

2. ஊரும் வழியும்

தஞ்சை பேரூருமன்று, சிற்றூருமன்று, இடைத்தரமான நகரம். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அதன் நகரெல்லைக்குள் வாழ்ந்தோர் 2 இலக்கத்து 22 ஆயிரத்திற்குச் சிறிது மேற்பட்டோர். 2014ஆம் ஆண்டில் அது மாநகராட்சியாக உயர்த்தப்பெற்றது. இத்தகைய நகரங்களுக்கு ஓர் இயல்பு உண்டு. சிற்றூராயின், புதியவன் ஒருவன் வந்த அன்றே ஊரார் அனைவரும் அவனை அறிந்து கொள்வர். சென்னை போன்ற பெருநகராயின், அங்குள்ளோர் பலரும் வந்தேறியவரே ஆதலின் புதியவனைப் பிரித்தறிவார் இலர். இடைத்தர நகரிலோ அங்கு வாழ்வார் ஒருவரையொருவர் ஓரளவு அறிந்திருப்பர். வந்தவன் மட்டுமே எவரையும் அறியான். தனிமை அங்கே மிகுதியாக உறுத்தும். ஆயினும் ஒருமணி நேரம் நடந்தால் ஊரின் நடுவைக் கடந்துவிடலாம் ஆதலின், முயன்றால் விரைவில் அதனைக் கற்றுக்கொள்ளவுங்கூடும்.

முதல்நாள் நிகழ்ந்ததொன்றை மறையாது கூறுகின்றோம். தஞ்சையில் பேருந்து நிலையங்கள் இரண்டு உள்ளன. வெளியூர்ப் பேருந்துகள் பல, நகருக்குப் புறம்பேயுள்ள புதிய நிலையத்தில் நிற்கும். பழைய நிலையமோ கோட்டைப் பகுதிக்கு அணித்தாக உள்ளது. யாம் செல்லவேண்டிய மேலவீதிக்குப் பழைய நிலையமே வழி. மே மாதத்துக் கத்திரி வெயிலில், தோளில் ஒரு பையும் கையில் ஒரு பெட்டியுமாகப் புதிய நிலையத்தில் இறங்கி நின்ற எம்மை நோக்கி முதியவர் ஒருவர், "எங்கே போகவேண்டும், தம்பி?" என்று அன்புடன் கேட்டனர். ஊருக்குப் புதியவன் என்பது வெளிப்படுதற்கு நாணி, "எனக்குத் தெரியும், ஐயா" என்று கூறிவிட்டு, முன்னே நின்ற பேருந்தில் ஏறி அமர்ந்தோம். அது நகருக்குள் செல்லாது, எதிர்த்திசையில் வல்லம் நோக்கிச் சென்றது. நடத்துநர் பயணச்சீட்டுக் கேட்டபொழுதே எம் அறியாமை வெளிப்பட்டது. அவர் எம்மை வல்லத்தில் இறக்கி, திரும்பும் வண்டியையும் காட்டி, "தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்குமே, தம்பி" என்றார். அன்று அதனை ஒரு நகைச்சொல்லாகவே கொண்டோம். அதன் முழுப்பொருளும் விளங்க நான்கு கிழமை சென்றன.

3. உறைவும் உணவும்

மேலவீதியை அடுத்த சந்தொன்றில், எம் பேராசிரியர்க்கு அறிமுகமான குடும்பத்தார் வீட்டு மாடியில் ஓர் அறை எமக்குக் கிடைத்தது. வீட்டிற்குரியவர் எழுபது அகவை கடந்த அம்மையார். எம் ஊர் வழக்கப்படி அவரை "ஆச்சி" என்று அழைத்தோம். அவர் நகைத்து, "நான் என்ன செட்டிநாட்டுக்காரியா? பாட்டி என்றே கூப்பிடு, தம்பி" என்றனர். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறியை யாம் "வெஞ்சனம்" என்றபொழுது அவர் வீட்டுச் சிறுவர் வியப்புடன் எம்மை நோக்கினர். ஒரே மொழி பேசும் நாட்டினுள்ளேயே ஆறு மணி நேரப் பயணத்தில் சொல்லும் சுவையும் இத்துணை மாறுதலை வகுப்பில் வட்டார வழக்கு என்னும் தலைப்பிற் படித்திருந்தோம். ஆயினும் பசியோடு ஒரு சொல்லைக் கூறி, அது விளங்காமற் போகும்பொழுது அப்பாடம் பதிவதுபோல் வகுப்பிற் பதிவதில்லை.

முதற்கிழமை மிகத் துன்பமாகவே கழிந்தது. பகலில் பணி உண்டு. மாலை ஆறு மணிக்குமேல் எம்மோடு பேசுவார் ஒருவரும் இலர். அன்னையார் நாள்தோறும் கைப்பேசியில் அழைத்து, "என்ன சாப்பிட்டாய்?" என்று வினவுவர். அக்குரல் கேட்டபின் தனிமை இருமடங்காகும். நான்காம் நாளிரவு பெட்டியைக் கட்டியும் வைத்தோம். மறுநாள் விடியலில் அதனை எடுத்துக்கொண்டு படியிறங்கிய எம்மைப் பாட்டி கண்டனர். காரணம் ஒன்றும் கேளாது, "காப்பி குடித்துவிட்டு ஒரு நடை போய் வா, வந்து முடிவு செய்" என்று மட்டும் கூறினர்.

அன்று நடந்த நடையே எம்மை ஆண்டு நிறுத்தியது. மேலவீதி, வடக்குவீதி, கீழவீதி, தெற்குவீதி என அரசவீதிகள் நான்கையும் சுற்றினோம். வீதி முனைகளில் தேநீர்க் கடைகள் அப்பொழுதே திறந்துகொண்டிருந்தன. பின்னர், இராசராசன் எடுப்பித்து 1010ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்ற பெரிய கோயிலின் முன்புறம் செல்லும் கல்லணைக் கால்வாயை அடைந்தோம். ஊரார் அதனைப் புதாறு என்பர். அதில் அப்பொழுது ஒரு துளி நீரும் இல்லை. சிறுவர் பலர் மட்டையும் பந்துமாக அதனுள் விளையாடிக்கொண்டிருந்தனர். அவருள் ஒருவன், "அண்ணா, பந்தை எடுத்துப் போடுங்கள்" என்று எம்மை நோக்கிக் கூவினான். அவ்வூரில் எம்மிடம் ஒருவர் ஓர் உதவி வேண்டியது அதுவே முதன்முறை. பந்தை எடுத்து எறிந்துவிட்டு அறைக்கு மீண்டு பெட்டியை அவிழ்த்தோம். அன்றுமுதல் நாளொரு தெருவாக விடியலில் நடந்து ஊரைக் கற்றோம்.

4. ஏட்டின் இயல்பு

இனி எம் பணியைக் கூறுவோம். பனையோலையைப் பருவமறிந்து வெட்டி, நீரிலிட்டு வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி, ஒரே அளவாக நறுக்கி ஏடாக்குவர். ஏடுகளில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் அது சுவடியாகும். எழுத்தாணியாற் கீறிய எழுத்து முதலிற் கண்ணுக்கு நன்கு புலப்படாது. விளக்குக்கரி முதலியவற்றைத் தடவித் துடைத்தால், மை கீறலினுள் தங்கி எழுத்து விளங்கும். பழைய ஏட்டை முதலில் மெல்லிய தூரிகையால் தூசு நீக்கி, எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுவர். அது உலர்ந்த ஓலைக்கு நெகிழ்ச்சி தரும், பூச்சியையும் அகற்றும். முதலிரு கிழமையும் எமக்கு இப்பணியே தரப்பட்டது. எம் ஆடையிலும் உணவிலும் அம்மணம் நீங்காதிருந்தது.

மூன்றாம் கிழமை படியெடுக்கும் பணி தொடங்கிற்று. அச்சுநூலையே பயின்றோர்க்கு ஏட்டெழுத்துப் படித்தல் எளிதன்று. அதன் காரணங்கள் நான்கு.

முதலாவது, ஏட்டில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியால் அழுந்தப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பர். ஆதலின், "கல்வி" என்பதும் "கலவி" என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது, எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. "கொடு", "கோடு" என்னும் இரண்டும் ஒரே வடிவின. இவ்வேறுபாட்டைக் காட்டும் வரிவடிவத்தை அமைத்தவர் இத்தாலி நாட்டினின்று போந்த வீரமாமுனிவர் (1680-1747) என்பதை நாம் அறிவோம். மூன்றாவது, ஆகாரத்தின் காலும் ரகரமும் ஒரே வடிவாய் நிற்கும். "மரம்" என்பதனை "மாம" என்று படித்து யாம் ஒருநாள் முழுதும் மயங்கினோம். நான்காவது, சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லை. பாட்டாயினும் அடி பிரித்து எழுதுவதில்லை. ஏட்டெண்களும் தமிழ் எண்களாகவே இருக்கும். அவற்றுட் சில உயிரெழுத்து, உயிர்மெய்யெழுத்து வடிவங்களை ஒத்தன ஆதலின், எண்ணோ எழுத்தோ என்று ஐயுறுதல் நேரும்.

எனவே ஏட்டைப் படிப்பவன் இலக்கணமும் யாப்பும் பொருளும் ஒருங்கு துணையாகக்கொண்டே ஒவ்வோர் எழுத்தையும் துணிதல் வேண்டும். சீவக சிந்தாமணியை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் முதலியோர் உழைப்பின் அளவு, ஓர் ஏட்டை ஒருமணி நேரம் கையில் வைத்திருந்து பார்த்தபின்னரே எமக்கு விளங்கிற்று. அச்சிட்ட நூலில் ஒரு புள்ளியைக் காணுங்கால், அப்புள்ளி ஒருவர் ஆராய்ந்து இட்டது என்று நாம் நினைப்பதேயில்லை.

5. யாம் செய்த பிழை

எமக்குத் தரப்பட்டது குழந்தை மருத்துவம் பற்றிய ஒரு சுவடி. 64 ஏடுகளைக் கொண்டது. எம் மாமன் மகளின் திருமணம் சூன் 16ஆம் நாள் நடைபெறவிருந்தது. 14ஆம் நாள் பயிற்சி முடிந்தவுடன் ஊருக்குச் சென்றுவிடலாம் என்றெண்ணி, நாளொன்றுக்கு இத்தனை ஏடு என்று கணக்கிட்டு விரைந்து படியெடுத்தோம்.

31ஆம் ஏட்டில் ஒரு மருந்தின் செய்முறை பாட்டாக இருந்தது. அதில், அரைத்த மருந்தைக் குழந்தைக்கு எப்பாலிற் கலந்து ஊட்டவேண்டும் என்று கூறும் இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. "ளள" என்னும் இரண்டெழுத்தும், சிறிது தள்ளி "பபால" என்பதும் மட்டுமே எஞ்சின. முன்னும் இடையும் துளை. முந்திய அடி "பிள்ளை" என்று தொடங்கினமையால் ளகர எதுகை வேண்டும் என்பது தெளிவு. முன்னோர் ஏட்டில், புறத்தே பூசும் மருந்தொன்றிற்குக் கள்ளிப்பால் கூறப்பட்டிருந்தது எம் நினைவில் இருந்தது. "கள்ளிப்பால்" என்று இட்டுப் பார்த்தோம். எதுகை அமைந்தது. நேர்நேர்நேர் என அலகிட, தேமாங்காயாய்ச் சீரும் அமைந்தது. யாப்பருங்கலக்காரிகையைப் பாடமாகக் கற்ற பெருமிதத்தோடு அதனைத் தாளில் எழுதிவிட்டோம். அரிக்கப்பட்ட இடம் என்பதற்கு அடையாளம் ஒன்றும் இடவில்லை. அடையாளம் இட்டால் ஆசிரியர் வேறு சுவடியோடு ஒப்பிடச் சொல்வர், நாள் கடக்கும் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். படி கணினியில் ஏற்றும் பகுதிக்குச் சென்றுவிட்டது.

ஐந்தாம் கிழமையில் ஓரிரவு, பாட்டியின் மகள் வயிற்றுப் பேத்தி, ஐந்து திங்கட் குழந்தை, வயிற்றுநோவால் ஓயாது அழுதது. வீட்டில் ஒரு மருந்துப் புட்டி இருந்தது; அதன்மேல் ஒட்டிய தாள் பாதி கிழிந்திருந்தது. "சென்ற முறை இதைத்தானே கொடுத்தோம்" என்று மகளார் அதனைத் திறக்க, பாட்டி கையைப் பற்றித் தடுத்து, "பெயர் கிழிந்துபோன மருந்தைப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. நீ நினைப்பது சரியாகவும் இருக்கலாம். தப்பாக இருந்தால் யார் பதில் சொல்வது? வண்டியைக் கூப்பிடு" என்றனர். யாமும் உடன்சென்றோம். மருத்துவர் பார்த்தபின் குழந்தை அமைதியுற்று உறங்கிற்று.

எமக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. கிழிந்த தாளும் அரித்த ஏடும் கண்முன் மாறிமாறித் தோன்றின. கள்ளிப்பால் நஞ்சு என்பதைத் தமிழ்நாட்டில் அறியாதார் இலர். அதனைக் குழந்தையின் வாய்க்குள் ஊட்டுமாறு எழுதிய கை எம் கை. நாளை அப்படி அச்சேறினால், அச்சிற் கண்டதை அப்படியே நம்பும் ஒருவர் கையில் அந்நூல் அகப்பட்டால், என்னாகும்? எதுகை அமைந்தது என்பது அன்று எமக்கு என்ன விடையாகும்?

மறுநாட் காலை, சுவடியாசிரியராகிய பெரியவரிடம் சென்று, "ஐயா, 31ஆம் ஏட்டில் ஓரிடம் அரித்திருந்தது, யானே ஒரு சொல்லை இட்டு எழுதிவிட்டேன், அடையாளமும் இடவில்லை" என்று கூறினோம். அவர் ஒன்றும் பேசாது அவ்வேட்டை வருவித்துப் பெருக்காடியின்கீழ் வைத்து, "தம்பி, இந்தத் துளையின் அகலத்தைப் பார். ளகரத்தின்மேல் ஓர் இகரக் கொம்பிற்கு இவ்வளவு இடம் வேண்டுமா?" என்றனர். பார்த்தோம், மூன்றெழுத்துக்குரிய இடம் ஆண்டு இருந்தது. முன்பும் அது எம் கண்ணிற் பட்டதே. யாமே அதனைப் பொருட்படுத்தாது விட்டோம். பின்னர் அம்மருத்துவ நூலின் வேறொரு படியை எடுத்து அதே பாட்டைக் காட்டினர். அதில் "வெள்ளாட்டுப் பால்" என்று தெளிவாக இருந்தது. சீர் சிறிது கெடத்தான் செய்தது. "மருத்துவன் பாட்டு நோய்க்கு அஞ்சும், யாப்புக்கு அஞ்சாது" என்று கூறிப் பெரியவர் முறுவலித்தனர். ஆயினும் அடுத்து அவர் கூறியதில் முறுவல் இல்லை: "பூச்சி தின்ற இடம் எல்லார்க்கும் தெரியும். நீ நிரப்பிய இடம் ஒருவர்க்கும் தெரியாது. ஆகையால் பூச்சியைவிட நீ செய்ததே ஏட்டிற்குப் பெரிய கேடு."

கணினிக்குச் சென்ற படி திரும்பப் பெறப்பட்டது. யாம் எழுதிய எல்லா ஏடுகளையும் மீண்டும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுமாறு பணித்தனர். ஒப்பிடுகையில், யாமே மறந்துவிட்ட வேறு நான்கு இடங்களிலும் இவ்வாறு இட்டு நிரப்பியிருந்தமை வெளிப்பட்டது. அவற்றுள் மூன்று சரியாகவே இருந்தன. "சரியாக இருப்பினும் அடையாளம் இடு" என்றார் பெரியவர். அரிக்கப்பட்ட ஒவ்வோரிடத்தும் புள்ளிகள் இட்டு, எத்தனை எழுத்திற்குரிய இடம் என்பதையும் பக்கத்திற் குறித்து, ஊகத்தைத் தனியே கீழே எழுதினோம். இப்பணி முடிய சூன் 18ஆம் நாள் ஆயிற்று. மாமன் மகளின் திருமணத்தைக் கைப்பேசியிலேயே கண்டோம். அன்னையார் வருந்தினர். தந்தையாரிடம் காரணத்தை உள்ளவாறு கூறினோம். அவர் சிறிதுநேரம் பேசாதிருந்து, "முடித்துவிட்டே வா" என்றனர்.

6. எமக்கு முன் இவ்வழிச் சென்றோர்

ஞாயிற்றுக்கிழமைகளில், சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள சுவார்ச்சு ஐயர் ஆலயத்திற்குச் செல்வதுண்டு. 1779ஆம் ஆண்டைச் சார்ந்த அவ்வாலயத்துள், பிளாக்சுமன் என்னும் ஆங்கிலச் சிற்பி சலவைக்கல்லிற் செதுக்கிய சிற்பம் ஒன்று உள்ளது. 1798ஆம் ஆண்டில் உயிர்துறந்த சுவார்ச்சு ஐயரின் மரணப்படுக்கை அருகில், அவர்பால் அன்புகொண்ட சரபோசி மன்னர் நிற்பதாக அஃது அமைந்தது. மன்னரே அதனைச் செய்வித்தனர். மன்னர் தொகுத்து வளர்த்த சுவடிகளையும் நூல்களையும் கொண்ட சரசுவதி மகால் நூல்நிலையம் அரண்மனையில் இன்றும் உள்ளது. 1918ஆம் ஆண்டில் அது பொதுமக்களுக்கு உரியதாயிற்று.

அச்சிற்பத்தின்முன் அமர்ந்திருந்த ஒருநாள், எமக்கு முன்னரே பொருநைக் கரைக்கும் பொன்னிக் கரைக்கும் இடையே சென்றுவந்தோரை எண்ணினோம். வேதநாயக சாத்திரியார் 1774ஆம் ஆண்டில் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்தவர். பன்னிரண்டு அகவையளவில் சுவார்ச்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச்செல்லப்பெற்று, ஆண்டே கற்றுக் கவிஞராகி, 1864ஆம் ஆண்டில் மறைந்தார். பெத்தலகேம் குறவஞ்சி அவர் பாடியது. ஆபிரகாம் பண்டிதர் 1859ஆம் ஆண்டில் தென்காசியை அடுத்த சாம்பவர்வடகரையிற் பிறந்தவர். ஆசிரியராகத் தஞ்சை வந்து, சித்த மருத்துவத்தாற் புகழெய்தி, 1917ஆம் ஆண்டில் கருணாமிர்த சாகரம் என்னும் பெரிய இசையாராய்ச்சி நூலை வெளியிட்டார். இவ்விருவரும் தஞ்சைக்குப் புதியராய் வந்தவரே. தஞ்சையினின்று எதிர்வழியாக நம் பாளையங்கோட்டைக்கு வந்தவர் குளோரிந்தா அம்மையார். அவர் கட்டிய ஆலயம் 1785ஆம் ஆண்டில் சுவார்ச்சு ஐயராற் படைக்கப்பெற்றதை நாம் அறிவோம்.

இவர்க்கெல்லாம் முன்னவராகிய சீகன்பால்கு ஐயர் 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் இறங்கியபொழுது அவர்க்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது. கற்றவர் என்னும் பெருமையை ஒதுக்கிவைத்து, திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதி அரிச்சுவடி கற்றார். இரண்டாண்டிற்குள் தாம் தொகுத்த நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு விளக்கப் பட்டியலும் எழுதினார். "தெரியாது" என்று சிறுவரிடம் கூற நாணாதவர் இத்துணை விரைவிற் கற்றார். "தெரியும்" என்று முதியவரிடம் கூறிய யாம் வல்லம் போய்ச் சேர்ந்தோம்.

7. மாணாக்கர் கருதத் தக்கன

இப்பயிற்சியினின்று யாம் துணிந்தவற்றைத் தொகுத்துக் கூறுவோம்.

ஒன்று: புதிய ஊரிற் கால்வைத்தவுடன் அறியாமையை ஒளியாது வழி கேட்க. கேட்பவனை இகழ்வார் மிகச் சிலர், வழிகாட்டுவார் பலர்.

இரண்டு: முதற்கிழமையில் ஊர் திரும்பும் முடிவைச் செய்யற்க. தனிமை என்பது ஊரின் குற்றமன்று, நம் குற்றமுமன்று, பழகாமையின் விளைவே. நாள்தோறும் ஒரு தெரு நடக்க. ஒரு கடையில் தொடர்ந்து காப்பி அருந்துக. பத்து நாளில் பெயர் சொல்லி அழைப்பார் இருவரேனும் உண்டாவர்.

மூன்று: உறைவிடத்தை முன்னரே உறுதி செய்க, முகவரியோடு, அதற்கு எந்நிலையத்தில் இறங்கவேண்டும் என்பதையும் எழுதி வைத்துக்கொள்க. வாடகை, உணவு, பேருந்து மூன்றிற்கும் கணக்கெழுதுக. எம் கைப்பொருள் ஐந்தாம் கிழமையில் அருகியபொழுது, எழுதிவைத்த கணக்கே எம்மைக் காத்தது.

நான்கு: பயிற்சிக்குச் சென்ற இடத்தில் முதலில் தரப்படும் எளிய வேலையைச் சிறிதென்று எண்ணற்க. இரு கிழமை ஏடு துடைத்த கையே, எந்த ஏடு ஒடியும், எது வளையும் என்பதை அறிந்தது.

ஐந்து: முடிக்கும் நாளை முன்வைத்து வேலையின் அளவைக் குறுக்கற்க. எம் பிழைக்கு அறியாமை காரணமன்று, அவசரமே காரணம்.

ஆறு: பிழை செய்தால், பிறர் கண்டறியுமுன் தாமே சென்று கூறுக. கூறுதற்கு முந்திய இரவே கொடியது; கூறியபின் எஞ்சுவது வேலை மட்டுமே.

8. முடிவுரை

சூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. சில நாட்களிற் கல்லணையும் திறந்தனர். யாம் புறப்பட்ட காலை, பாட்டியிடம் விடைபெற்றுப் புதாற்றுப் பாலத்தின்வழி நடந்தோம். சிறுவர் பந்தாடிய இடத்தில் செந்நிறமான புதுநீர் சருகுகளைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது. பந்தெறியச் சொன்ன சிறுவன் கரையில் நின்று, "அண்ணா, ஊருக்கா?" என்றான். "ஆம்" என்றோம். புதிய பேருந்து நிலையத்திற்கு எவ்வண்டி செல்லும் என்பதை நன்கறிந்திருந்தும், உறுதிப்படுத்திக்கொள்ள அவனையே ஒருமுறை கேட்டோம். அவன் மிக்க பெருமிதத்தோடு வழி கூறினான்.

நண்பர்காள்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மையாகலாம். ஆயினும் ஏட்டில் தவறாக எழுதிய கள்ளி ஒரு குழந்தையின் உயிருக்கு இறுதியாகவுங்கூடும் என்பதைத் தஞ்சையில் அறிந்தோம். தமிழ் படிக்கும் நீங்கள் எங்கே போவீர்கள் என்று இனி எவரேனும் வினவினால், எழுத்துப் பிழையாதிருக்கக் கற்கும் இடத்திற்குப் போவோம் என்று விடையிறுப்போம். அறியாத இடத்தில் புள்ளியிட்டு நிறுத்துதலும் கல்வியே. அக்கல்வியைப் பெற வேற்றூர் செல்க; தயங்காது கேட்க; பொறுமையோடு கற்க.